இருபத்துமூன்றாம் படத்துச் சலவை

லெப்டினன்ட் பெல்வுட் வரைந்த நாற்பத்திரண்டு படங்களும் கோட்டைவிளைக்கு வந்து, மிக்கேல் மண்டபத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடப்பட்ட ஒன்பதாம் நாள், படங்களில் நின்றவர்களின் உடுப்புகள் நாறத் தொடங்கின.

முதலில் செத்த எலி என்றார்கள். எங்கள் ஊரில் எது நாறினாலும் பழி எலிக்குத்தான். மூன்று நாள் அந்த எலியைத் தேடினார்கள். மேடைப் பலகையைப் பெயர்த்தார்கள், ஓட்டின்மேல் ஆள் ஏற்றினார்கள், கக்கூஸில் பினாயிலை ஆறாக ஓடவிட்டார்கள். கண்காட்சிக் கமிட்டித் தலைவர் பாக்கியமுத்து சார், இருபது வருஷம் தலைமையாசிரியராக இருந்ததனால் தெரியாது என்ற வார்த்தையையே மறந்துபோனவர், ஊதுவத்தியைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தச் சொன்னார். நாற்றமும் ஊதுவத்தியும் கலந்து மண்டபம் எழவு வீடு மாதிரி ஆனபிறகு, கமிட்டிச் செயலாளரான என் வீட்டுக்காரர் தாசையன் மத்தியானம் வீட்டுக்கு வந்து, அயிலைக் குழம்பின் முன்னால் உட்கார்ந்து, தட்டைத் தள்ளினார். கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் அந்த மனிதர் தட்டைத் தள்ளி நான் பார்த்ததில்லை. கையைக் கழுவிவிட்டு நேரே மண்டபத்துக்குப் போனேன். நிலக்காரரும் அவர் மனைவியும் சரிகைக் கரையோடு நிற்கும் ஒன்றாம் படத்தின் பக்கத்தில் மூக்கை வைத்தேன். வைத்தவுடனே தெரிந்துவிட்டது. காலரும் அக்குளும் ஈரத்தோடு கூடையில் கிடந்து புளித்துப்போன நாற்றம். மூன்று ஆண்பிள்ளைகளைப் பெற்றவளுக்கு இதைச் சொல்லித்தர எந்தக் கமிட்டியும் வேண்டாம்.

"எலியுமில்ல ஒண்ணுமில்ல. இதெல்லாம் அலக்காத அழுக்குத் துணி" என்றேன்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. இருநூறு வருஷமாக அவிழ்க்காமல் உடுத்துக்கொண்டு நிற்கிற துணி நாறாமல் பிச்சிப்பூ வாசமா அடிக்கும் என்று பாக்கியமுத்து சாரே சொன்னார், ஏதோ தான்தான் கண்டுபிடித்த மாதிரி.

பெல்வுட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கலகத்தை அடக்க வந்த பட்டாளத்துக்காரன். வந்த இரண்டாம் நாளே காலில் குண்டு பாய்ந்து, கோட்டை ஆஸ்பத்திரியில் பத்து மாதம் கிடந்தான். சுடவும் முடியாமல், ஊருக்குத் திரும்பவும் முடியாமல், கட்டிலில் சாய்ந்தபடி, இந்தத் தேசத்தில் எந்த எந்தச் சாதி எதை எதை உடுத்துகிறது என்று நீர்வண்ணத்தில் வரைந்து நிரப்பினான். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு புருஷன், ஒரு பெண்சாதி. இரண்டு பேரையும் உச்சிவெயிலில் முற்றத்தில் நிறுத்திவைப்பான். அசையக் கூடாது, உட்காரக் கூடாது, கையில் இருப்பதைக் கீழே வைக்கக் கூடாது. வரைந்து முடித்ததும் கீழே சாதியின் பேரை எழுதுவான். ஆளின் பேரை எழுதியதில்லை. சீமையில் அவன் வம்சத்தார் யாரோ பரணைக் காலி செய்தபோது இந்தக் கட்டு கிடைத்து, சென்னையிலிருந்து சுகவனம் என்ற காப்பாட்சியர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, எந்த ஊரில் வரைந்ததோ அந்த ஊரிலேயே மூன்று மாதம் காட்டுவோம் என்று கொண்டுவந்து சேர்த்தார்.

நாறுவதற்கு முந்தைய எட்டு நாளும் எங்கள் ஊர் செய்த கூத்தையும் எழுத வேண்டும். எல்லோரும் வந்தார்கள், அவரவர் படத்தைத் தேடிப் பிடித்தார்கள், அதன் முன்னால் குடும்பத்தோடு நின்று செல்ஃபி எடுத்தார்கள். சரிகை வாய்த்தவர்கள் நெஞ்சை நிமிர்த்தி எடுத்தார்கள். கோவணம் வாய்த்தவர்கள் பார்க்காத மாதிரி நடந்துபோய், திரும்பி வரும்போது ஓரக்கண்ணால் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் பதினேழாம் படம். அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் மாரை மறைக்கக் கூடாது என்று சட்டம், ஆகவே பெல்வுட் அப்படியே வரைந்திருந்தான். என் மைனி ஜெபக்கனி கமிட்டிக்கு மனுக் கொடுத்து, அந்தப் பெண்ணின் கழுத்துக்குக் கீழே ஒரு லேஸ் கைக்குட்டையைப் பசைபோட்டு ஒட்டவைத்தாள். ஒட்டிவிட்டு, முப்பத்தெட்டாம் படத்தில் துடைப்பத்தோடு நிற்கிறவளைப் பார்த்து, இவள் உடுத்திருக்கிற அழகைப் பாரேன் என்று சிரித்தாள். சின்னப் பிள்ளைகள்கூட இப்படிச் சிரிக்க வெட்கப்படும்.

சரி, துணியைத் துவைக்க வேண்டும். எப்படி என்று யாரும் குழம்பவில்லை. ஒன்றாம் படத்து அம்மாளின் சேலைத் தலைப்பு சட்டத்தின் இடுக்கு வழியே ஒரு சாண் ஏற்கெனவே வெளியே தொங்கியது, அலமாரிக் கதவில் துணி மாட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி. இழுத்தால் வரும் என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். யார் துவைப்பது என்பதுதான் பேச்சு. அதற்குத்தான் கமிட்டி கூடியது, அதற்குத்தான் மூன்று தடவை காபி வந்தது.

நல்லபெருமாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் லாண்டரி வைத்திருப்பவர், பி.காம். படித்தவர், ஐம்பத்தைந்து வயது, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையோடு வந்து வாசல்படிக்குக் கீழே நின்றார். கண்காட்சி திறந்த நாளிலிருந்து அவர் மண்டபத்துப் படி ஏறவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். இருபத்துமூன்றாம் படம் அவருடையது. தலையில் பெரிய மூட்டையோடு ஒரு பெண், தோளில் மூட்டையோடு ஒரு ஆண், கீழே பெல்வுட்டின் கையெழுத்தில் வண்ணானும் மனைவியும். பாக்கியமுத்து சார் விஷயத்தைச் சொன்னார். நல்லபெருமாள் கடைசிவரை கேட்டுவிட்டு, என் கடைக்கு வரும் ஆளின் துணியைத்தான் எடுப்பேன், ஊரின் துணியை எடுக்கும் வேலையை எங்க தாத்தாவோடு விட்டாயிற்று என்றார். சொல்லிவிட்டு, கோபப்படாமல் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போனதும் பாக்கியமுத்து சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இவன் வரலேன்னா போறான். இருபத்துமூணுல ஆள் நிக்கானே வே."

எவ்வளவு எளிது என்று அத்தனை பேரும் தொடையில் தட்டிக்கொண்டார்கள். காப்பாட்சியர் சுகவனம் மட்டும் இது நீர்வண்ணம், தண்ணீர் ஆகாது என்று முனகினார். பிறகு, இப்படி ஒன்று உலகத்தில் எங்கும் பதிவானதில்லை, பார்க்கலாம் என்று அவரும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். அன்று மத்தியானமே நாற்பத்தோரு படங்களிலிருந்தும் துணியை உருவினார்கள். இழுக்க இழுக்க முழு நீளத்துக்கும் வந்தது, சேலை, முண்டு, தலைப்பாகை, சிப்பாயின் சிவப்புக் கோட்டு, பாதிரியின் அங்கி, எல்லாம். உள்ளே நின்றவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள், அவர்கள்மேல் தினசரித் தாளைத் தொங்கவிட்டார்கள். பிறகு அத்தனை துணியையும் இருபத்துமூன்றாம் சட்டத்தின் இடுக்கு வழியே, அந்தப் பெண்ணின் தலைமூட்டைக்கு மேலே, கம்பை வைத்துக் குத்திக் குத்தி உள்ளே தள்ளினார்கள். அந்தப் படம் மட்டும் நாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊரை வெளுத்தவர்கள் தங்கள் துணியையும் வெளுத்துத்தான் படத்துக்கு நின்றிருக்கிறார்கள்.

ஒரு மணிக்கு மண்டபத்தைப் பூட்டினோம். நாலு மணிக்குத் திறந்தபோது, இருபத்துமூன்றாம் படத்துக்குக் கீழே தரையில் நாற்பத்தோரு அடுக்கு, மடித்து, கஞ்சி போட்டு, உவர்மண் வாசத்தோடு, ஒவ்வொரு முனையிலும் சேங்கொட்டை மையில் வீட்டுக்கொரு குறியோடு இருந்தது. அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்லை. என் மிஷினுக்கு நான் ஊற்றிய நீலமும் பவுடரும் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. குறியைப் பார்த்து அவரவர் துணியை அவரவர் சட்டத்துக்குள் திருப்பித் தள்ளி, தாளை எடுத்தார்கள்.

மறுநாளே பாக்கியமுத்து சாரின் சம்சாரம் ஒரு மேசைவிரிப்பைக் கொண்டுவந்தாள். பழைய குழம்புக்கறை, எதிலும் போகவில்லை, சும்மா ஒரு தடவை வைத்துப் பார்ப்போமே என்றாள். மேசைவிரிப்புக்குப் பின்னால் படுக்கைவிரிப்பு வந்தது, அதற்குப் பின்னால் பள்ளிக்கூட யூனிபாரம் வந்தது, அதற்குப் பின்னால் ஓட்டல்காரரின் துண்டுக்கட்டு வந்தது. ஒரு மாதத்துக்குள் காலை பத்து மணிக்கு மண்டபத்து வாசலில் கோட்டைவிளை முழுக்க அழுக்கு மூட்டையோடு வரிசையில் நின்றது. டோக்கன் கொடுத்தார்கள். மீன்காரரின் லுங்கியும் கோவில்காரரின் வேட்டியும் ஒரே மூட்டையில் போகக் கூடாது என்று தகராறு வந்து, திங்கள் செவ்வாய் ஒரு சாரார், புதன் வியாழன் இன்னொரு சாரார் என்று கிழமை பிரித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பிரசவ வார்டுத் துணி வந்தது. கிடந்த கிடையிலிருக்கும் கிழவர்களின் பாயும் விரிப்பும் வந்தன. சொல்லக் கூசும் உள்துணியெல்லாம், தங்கள் கையால் தொட அருவருப்பாக இருக்கிறதென்று, காகிதத்தில் பொதிந்து வந்தன. அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் பிள்ளை பெற்ற தீட்டுக் கழிய வண்ணாத்தி தரும் மாற்றுச்சேலையைத்தான் உடுக்க வேண்டும், ஆனால் வண்ணாத்தி முற்றத்தைத் தாண்டக் கூடாது என்று சுகவனம் ஒரு சாயங்காலம் சொற்பொழிவு ஆற்றினார். ஊர் உச்சுக்கொட்டிக் கேட்டது, கேட்டுவிட்டு டோக்கனை நீட்டியது. வீடுகளில் வாஷிங் மிஷின்மேல் துணி போர்த்தி டிவி வைத்தார்கள். நல்லபெருமாளின் கடையில் ஷட்டர் பாதிதான் ஏறியது.

நானும் கொடுத்தேன். ஹாலின் எட்டுத் திரைச்சீலையையும் கழற்றி, தாசையன் கையில் கொடுத்துவிட்டேன். திரை வெள்ளைவெளேர் என்று திரும்பி வந்தபோது, அதை மாட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். என்னை நல்லவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அடுத்த வாரம் மேடைமேல் இருக்கும் மிக்கேல் பீடத்துக்குப் பூ வைக்கப் போனவள், இருபத்துமூன்றாம் படத்தின் பக்கத்தில் நின்றுவிட்டேன். மூட்டையைப் பிடித்திருக்கும் அந்தப் பெண்ணின் கையில் விரல் நுனிகள் இல்லை. வெட்டுப்பட்ட மாதிரி இல்லை, நனைந்த காகிதத்தில் மை பரவிப் பரவி வெளிறுமே, அப்படி. ஆணுக்கு இரண்டு கையும் மணிக்கட்டுவரை வெளிறியிருந்தது. கேட்டேன். சுகவனம் சந்தோஷமாக நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். தினமும் ஸ்கேலை வைத்து அளந்து எழுதியிருக்கிறார், வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர். தண்ணீரிலேயே நிற்கிறார்கள் அல்லவா அம்மா, நீர்வண்ணம் தண்ணீரில் கரையத்தானே செய்யும் என்றார். அந்த நோட்டை வாங்கி அவர் வாயில் திணிக்கலாம் போலிருந்தது.

கமிட்டியில் சொன்னேன். விரல் போனாலும் வெள்ளை குறையவில்லையே என்றார் ஒருவர். இவர்கள் செத்து நூற்றைம்பது வருஷம் ஆயிற்று, உயிரோடிருக்கும் எனக்கு முதுகு வலிக்கிறது, அதைக் கேட்க ஆளில்லை என்றாள் ஜெபக்கனி. தாசையன் என் காதருகே வந்து, உனக்கு எதிலும் குறைதான், திரை மட்டும் மாட்டிக்கொண்டாயே என்றார். எழுந்து வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் எனக்கு ஒரு வழி தெரியும். கான்வென்டில் போர்டிங்கில் இருந்தபோது, மழைக்காலத்தில் வீட்டுக்குப் பார்சல் அனுப்பினால், மேலே எழுதிய விலாசத்தின்மேல் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்க்கச் சொல்வாள் சிஸ்டர் யூஃப்ரேசியா. எந்த மழை பெய்தாலும் மை கரையாது. மண்டபச் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். மறுநாள் காலை, வரிசை வருவதற்கு முன்னால் போய், கண்ணாடியைக் கழற்றி, பீடத்து மெழுகுவத்தியை எடுத்து, அந்த இரண்டு பேர்மேலும் தலைமுதல் கால்வரை தேய்த்தேன். காகிதம் கையில் சூடாக இருந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல, மெதுவாக, விரலற்ற கைகளின்மேல் இரண்டு தடவை தேய்த்தேன். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். நன்றியில் மூடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் படித்த படிப்பு அப்படி.

அதற்குப்பின் கரையவில்லை. ஒரு வாரம் அளந்தும் ஒரு மில்லிமீட்டர் நகரவில்லை என்று சுகவனம் முகம் வாடிச் சொன்னார், விஷயம் வெளியே வந்தது. நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். பாக்கியமுத்து சார் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, நம்முடைய பாரம்பரியத்தைக் காப்பாற்றிய ரெஜினாள் அம்மாளுக்கு என்று பொன்னாடை போர்த்தினார். ஊர் கை தட்டியது. கையில் மூட்டையை வைத்துக்கொண்டு தட்டினார்கள், ஆகையால் சத்தம் கொஞ்சம் அமுங்கித்தான் கேட்டது. இனிமேல் கரைவார்களோ என்ற பயமே இல்லையல்லவா. வீட்டுக்கு மூன்று டோக்கன் ஆறாயிற்று, ஆறு பன்னிரண்டாயிற்று, பக்கத்து ஊர்க்காரர்கள் மினி லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள், கண்காட்சியை நிரந்தரமாக்கக் கோரி மந்திரிக்கு மனுப் போயிற்று. அந்தப் பொன்னாடையை வீட்டுக்குக் கொண்டுவந்து, தொட மனமில்லாமல், அழுக்குத் துணி வாளிமேல் போட்டேன்.

அப்போது திருவிழா வந்தது. பத்தாம் நாள் தேருக்கு வெள்ளை உடுப்பதுதான் கோட்டைவிளை வழக்கம். கோவிலுக்குப் போகிறவர்களும் உடுப்பார்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் உடுப்பார்கள், சாதி மதம் பார்க்காத ஊர் என்று இதைச் சொல்லித்தான் பீற்றிக்கொள்வது. ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்குள் ஊரின் வெள்ளை அத்தனையும் மண்டபத்தில் வந்து குவிந்துவிட்டது. குவியல் படத்தின் உயரத்தைத் தாண்டியது. ஒரு மணிக்குப் பூட்ட வேண்டும், நாலு மணிக்கு எடுக்க வேண்டும். பன்னிரண்டரைக்குத் தாசையன் சாப்பிட வந்தார். நான் சோற்றைப் போட்டுவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், கேட்க நன்றாக இருக்கிறது.

படத்தில் அந்த ஆண் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். அந்தப் பெண் மூட்டைக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தாள். தோல் மேலெல்லாம் என் மெழுகு பளபளத்தது.

"நீதானா அந்த மெழுகத் தேச்சவ?"

"ஆமா. நீங்க கரையக் கூடாதுன்னுதான்."

"கரைஞ்சா உனக்கு என்ன போச்சு?" குரலில் கோபம்கூட இல்லை. "விரலு போச்சு, கையி போச்சு, இன்னும் ஆறேழு மாசத்துல நெஞ்சும் போயிரும், பிறகு அலக்க ஆளிருக்காதுன்னு நாங்க ரெண்டு பேரும் எண்ணி எண்ணிக் கெடந்தோம். நீ வந்து பூசிட்ட. அந்தத் தொர நில்லுன்னான், நின்னோம். நீ கரையாதேன்ன. உனக்கும் அவனுக்கும் என்ன பிள்ளே வித்தியாசம்?"

நான் பேரைக் கேட்டேன். அதைக் கேட்டு நீ என்ன செய்யப்போகிறாய் என்றாள். சட்டத்தோடு கழற்றி என் வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரிக்குள் வைத்துவிடுகிறேன், யாருக்கும் தெரியாது என்றேன்.

"உன் வீட்டுல அழுக்குத் துணி இல்லியா?" என்றாள்.

இருக்கிறது. வாளி நிறைய இருக்கிறது. அவள் என் முகத்திலேயே அதைப் படித்திருப்பாள்.

"இதத் தேச்சவளுக்கு எடுக்கவும் தெரியும்லா. எடு" என்றாள்.

தெரியும். துணியில் மெழுகு சொட்டினால் மேலே செய்தித்தாளை விரித்துச் சூடான இஸ்திரிப்பெட்டியை ஓட்டினால் போதும், மெழுகு முழுதும் தாளுக்கு ஏறிவிடும். வீட்டுக்கு ஓடினால் தாசையன் இருப்பார், எங்கே எதற்கு என்பார். எதிரே பஸ் ஸ்டாண்டு. பாதி ஏறிய ஷட்டருக்குள் குனிந்து நுழைந்து, நல்லபெருமாளிடம் இஸ்திரிப்பெட்டியை அரை மணி நேரம் தாருங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். பொய் சொல்ல நேரமில்லை. நான் தேய்த்தது, பொன்னாடை வாங்கியது, அவள் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். என் திரைச்சீலையையும் சொன்னேன்.

அவர் கரிப்பெட்டியை ஒதுக்கிவிட்டு, கரண்டுப்பெட்டியை ஒயரோடு சுற்றிக் கையில் எடுத்தார்.

"உங்க கை பதறும். காயிதம் கருகிரும். நான் வாறேன்" என்றார்.

அப்படித்தான் நல்லபெருமாள் முதல்தடவையாக அந்த மண்டபத்துப் படி ஏறினார். சுவரைப் பார்க்கவில்லை, ஒன்றாம் படத்தையோ நாற்பதாம் படத்தையோ பார்க்கவில்லை. துணிக்குவியலைச் சுற்றிக்கொண்டு நேரே போய், இருபத்துமூன்றாம் சட்டத்தைக் கழற்றி மேசைமேல் படுக்கவைத்து, கண்ணாடியை எடுத்துவிட்டு, படத்தைப் பார்த்தார். அவருக்கும் படத்தில் இருந்தவருக்கும் காது ஒன்றுபோல மடங்கியிருந்தது. நான் செய்தித்தாளை விரித்துப் பிடித்தேன். விரலில் எச்சில் தொட்டுப் பெட்டியின் சூட்டைப் பார்த்து, குறைத்து, மறுபடி பார்த்து, ராஜா வீட்டுப் பட்டுக்குப் போடுகிற பெட்டியைப்போல ஓட்டினார். தாளில் எண்ணெய்ப் புள்ளி ஏறியது. தாளை மாற்றினேன், மறுபடி ஓட்டினார். பதினோரு தாள். கடைசித் தாள் சுத்தமாக வந்தது. அந்தப் பெண் நல்லபெருமாளின் சட்டைப் பையின் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள், தைத்த கை யாருடையது என்று கேட்பதுபோல.

கேட்கவில்லை. நாங்கள் சட்டத்தை மாட்டிவிட்டு வெளியே வந்தோம். கையில் சாவியோடு நின்ற நான் செய்தது என்ன என்று எனக்குத் தெரியும். அதற்குப் பேர் வைக்காமல்தான் இன்றுவரை தூங்குகிறேன்.

ஒரு மணிக்குத் தாசையனும் மற்றவர்களும் வந்து, ஊரின் வெள்ளையை உள்ளே குத்தித் தள்ளிவிட்டுப் பூட்டினார்கள். இரண்டு மணிக்குக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் வந்தது. மூன்று மணிக்கு அது படியிறங்கியது. வெறும் தண்ணீர் இல்லை, நிறமுள்ள தண்ணீர். மழைக்கு நனைந்த பனந்தடியின் நிறம். உள்ளே கல்லில் துணி அடிக்கும் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது, அப்படி ஒரு வேகம், நூறு பேர் நின்று அடிப்பதுபோல. வாசலில் நின்றவர்கள், திருவிழா என்பதால் ஆசையோடு வெளுக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். மூன்றே முக்காலுக்குச் சத்தம் நின்றது.

கதவைத் திறந்தபோது, மண்டபம் நிறைய அடுக்கடுக்காகத் துணி, மடிப்பு கத்திபோல. இருபத்துமூன்றாம் சட்டத்தில் வெறும் காகிதம். மூட்டைகூட இல்லை. கீழே பெல்வுட்டின் எழுத்து மட்டும் இருந்தது, ஏனென்றால் அவன் அதைக் கரையாத மையால் எழுதியிருந்தான். சுகவனம் ஸ்கேலை எடுத்தார், எதை அளப்பது என்று தெரியாமல் பையில் போட்டார். ஊர்க்காரர்கள் படத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. டோக்கனை நீட்டித் தங்கள் அடுக்கை வாங்கி, வெளிச்சத்துக்கு வந்து, உதறினார்கள்.

ஒவ்வொன்றிலும் அந்த நிறம். வேட்டியில், சட்டையில், ஞானஸ்நானத்துக் குட்டிக் கவுனில், பாக்கியமுத்து சாரின் ஜிப்பாவில், ஜெபக்கனியின் ஆர்கண்டிச் சேலையில், புள்ளியாகவோ திட்டாகவோ இல்லாமல், நெய்யும்போதே சேர்த்த மாதிரி ஒரே சீராக. ஒரு மனுஷியின் தோலின் நிறம். கடையிலும் வேறு வெள்ளை கிடையாது, இருந்ததையெல்லாம் ஊரே வாங்கி அந்தக் குவியலில் போட்டிருந்தது. பொழுது விடிந்தால் தேர். சிலர் எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தார்கள், சிலர் பிளீச்சிங் பவுடரில் முக்கிப் பார்த்தார்கள், துணிதான் நைந்தது. கடைசியில், ஐந்து மணிக்கு, எல்லாரும் கூட்டமாக நல்லபெருமாளின் கடைக்குப் போனார்கள். நானும் போனேன், என் ரவிக்கையும் அதில் இருந்தது.

ஷட்டர் முழுக்க ஏறியிருந்தது. பாக்கியமுத்து சார் ஜிப்பாவைக் கவுண்டரில் விரித்து, எவ்வளவு ஆனாலும் சரி, விடிவதற்குள் இந்த அழுக்கைப் போக்கித் தரணும் தம்பி என்றார். அவர் யாரையும் தம்பி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நல்லபெருமாள் ஜிப்பாவை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடி, முகர்ந்தார். பிறகு அதை மேசையில் வைத்து, கழுத்தையும் கையையும் பொருத்தி, மிகப் பொறுமையாக மடித்தார். மடித்ததை இரண்டு கையாலும் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது அழுக்கில்ல சார். அழுக்குன்னா நான் போக்கிருவேன்."